ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர்

பாடப் படங்களில் எட்டுக் கோள்களும் சூரியனை ஒட்டி நெருக்கியடித்து நிற்கும். கோள்களின் பருமனையும் இடைவெளியையும் ஒரே அளவுகோலில் வரையக் காகிதம் போதாது. 450 மீட்டர் நேர்சாலையோ ஏரிக்கரையோ இருந்தால் போதும்.

1 செ.மீ. என்றால் 1 லட்சம் கி.மீ. லட்சத்தில் எண்ணிப் பழகிய நமக்கு இதைவிட வசதியான அளவு கிடையாது. பூமி இருப்பது 1,496 லட்சம் கி.மீ. தொலைவில், ஆக 1,496 செ.மீ., கிட்டத்தட்ட 15 மீட்டர்.

சூரியனுக்கு 13.9 செ.மீ. விட்டத்தில் மஞ்சள் அட்டையை வெட்டிக் குச்சியில் கட்டி நடுங்கள். பூமிக்கும் வெள்ளிக்கும் பொடிக்கடுகு, புதனுக்கு ரவை, செவ்வாய்க்குக் கசகசா. வியாழன் 1.4 செ.மீ. கோலிக்குண்டு. சனிக்குச் சற்றுச் சிறிய சுண்டைக்காய், சுற்றிலும் 2.7 செ.மீ. விட்டமுள்ள காகித வளையம். யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் மிளகு. எல்லாவற்றையும் வெளிர்நீல அட்டையில் ஒட்டுங்கள். வெள்ளையில் ரவை தெரியாது. நிலா, பூமியின் அட்டையிலேயே 3.8 செ.மீ. தள்ளி ஒரு பென்சில் புள்ளி.

தொலைவு மீட்டரில்: புதன் 5.8, வெள்ளி 10.8, பூமி 15, செவ்வாய் 22.8, வியாழன் 78, சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450. எல்லாமே சூரியனிலிருந்து. முந்தைய கோளிலிருந்து அளந்துவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. காலடியால் அளந்தால் போகப்போக அடி சுருங்கும். நைலான் கயிறு இழுத்தால் நீளும். சைக்கிள் நம்பகமானது. டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு சுற்றின் நீளத்தைத் தரையில் அளந்துகொண்டு, சுற்றுகளை எண்ணியபடி தள்ளிப் போங்கள்.

சிறுகோள் பட்டை 33 முதல் 48 மீட்டர் வரை. அங்கே மணலை அள்ளித் தூவாதீர்கள். அதில் மிகப் பெரியதான சீரிஸே ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெறும் தரையாக விடுவதே உண்மைக்கு நெருக்கம். புளூட்டோ 444க்கும் 738 மீட்டருக்கும் இடையே போய்வரும். 1979 முதல் 1999 வரை அது நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது இதனால்தான். கோள்கள் இப்படி ஒரே வரிசையில் நிற்பதில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

அளவு சரியா என்று பார்க்க, பூமியின் இடத்தில் நின்று கையை நீட்டுங்கள். சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலத்துக்குள் மஞ்சள் அட்டை அடங்க வேண்டும். பௌர்ணமி நிலாவும் அதே விரலில் அதே அளவுதான் வரும், சூரியனும் அப்படியே. ஆனால் உண்மைச் சூரியனை நோக்கி இதைச் செய்யவே கூடாது. நெப்டியூனில் நின்றால் அட்டை வெறும் புள்ளி.

இந்தச் சாலையில் ஒளி நொடிக்கு 3 செ.மீ. நகரும். பூமியின் கடுகை எட்ட 8 நிமிடம் 20 நொடி, கடைசி மிளகுக்கு 4 மணி 10 நிமிடம். அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரிக்கு அட்டை நட வேண்டுமானால் 4,000 கி.மீ. போக வேண்டும்.