குறுக்கே ஒரு ஸ்பிரிங்

ஜாக்கி போட்டுத் தூக்கியதும் பின்சக்கரங்கள் இரண்டும் அடிப்பக்கமாக உள்ளே மடங்கிக்கொண்டன.

“இன்னாண்ணே, காலை மடக்குது?” என்றார் மாதவரம் ஸ்பிரிங் பட்டறைக்காரர். எண்ணூர், மணலி கன்டெய்னர் லாரிகளிலேயே பழகிய கை அவருடையது.

வண்டி நண்பருடையது. 1965 டிரயம்ப் ஸ்பிட்ஃபயர், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நம்மூர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு உறவுக்காரன்தான்.

பின்னால் ஒரே லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில்), டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) மேல் குறுக்காக. கிரீஸும் மண்ணும் இறுகிப்போய், எத்தனை பிளேட் என்றே தெரியவில்லை. வேகமான வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும், வண்டி சுற்றிவிடும்.

இதற்கு மருந்தை டிரயம்ப்பே 1970-ல் மார்க் 4 மாடலில் கொடுத்தது. ஒரு பிளேட்டை மட்டும் இறுக்கிக் கட்டி, மற்றவற்றை நடுவில் அசையவிடும் ‘ஸ்விங் ஸ்பிரிங்’. அப்போது பின்பக்கம் சாய்வைத் தாங்குவது குறையும். அதனால் முன்பக்க ஆன்டி-ரோல் பாரை (வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி) தடிமனாக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் செய்யணும்.

நண்பருக்கோ ஸ்பிரிங்கைக் கல் மாதிரி ஆக்கினால் போதும், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பறக்கலாம் என்று நினைப்பு. பக்கத்துச் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் ஹெரால்டிலும் ஃபியட்டிலும் ரேஸ் ஓட்டியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

பட்டறைக்காரர் பிளேட்டைத் தட்டிப் பார்த்து, “இரும்பு நல்லாருக்கு, புஷ்ஷுதான் செத்துப்போச்சு” என்றார். ஸ்பிரிங் முனையில் மாட்டும் உறைதான் புஷ்.

சரி, முதலில் புஷ். அப்புறம் ஸ்விங் ஸ்பிரிங்கும் தடித்த ஆன்டி-ரோல் பாரும். நண்பர் அகல டயர் கேட்டு நச்சரிக்கிறார். இப்போதைக்குக் கிடையாது.