அம்மி வந்துச்சு, குழவி வரல

தென்னாப்பிரிக்காவுல டர்பன் நகரத்துல ஒரு மியூசியத்துல பழைய சாமான் சேகரிக்கிற வேலைக்கு சேர்ந்தப்போ எனக்கு ஒரே மெதப்பு, நாட்டார் வழக்காறு படிச்சவ, வீடு வீடா போய் கேட்டா சொல்லிடுவாங்க, கார்டுல எழுதி ஒட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு.

மொதல்ல கப்பல் லிஸ்ட்டுங்களத்தான் படிச்சேன். 1860 நவம்பர் 16, மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் வந்துச்சு, 342 பேர். அதுல இருந்து 1911 வரைக்கும் கல்கத்தா கப்பலும் சேர்த்து, டர்பன் இருக்கிற நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிங்களா வந்தவங்க 1,52,184. ஒவ்வொருத்தருக்கும் நம்பர், அப்பா பேரு, வயசு, சாதி, ஊரு, உடம்புல எங்க தழும்பு இருக்குங்கற வரைக்கும் எழுதி வச்சிருக்கான், ஆனா மூட்டைல என்ன கட்டிட்டு வந்தாங்கன்னு அதுல எழுதல. அதக் கண்டுபிடிக்கத்தான் கெளம்பினேன்.

டர்பன்ல சாட்ஸ்வொர்த்ங்கற ஏரியாவுல ஒரு ஆயா வீட்டுல அம்மி ஒண்ணு இருந்துச்சு, நடுவுல குழிஞ்சு வழவழன்னு. பாத்த உடனே 'இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது'ன்னு எழுதிட்டேன். பேத்தி அத வாசிச்சுக் காட்டினா, ஆயாவுக்கு சிரிப்பு தாங்கல.

"இந்தக் கல்லக் கட்டிக்கிட்டு யாரு கண்ணு கப்பல்ல ஏறுவா? இது இந்த ஊரு கல்லு, எங்க மாமனார் கொத்துனது."

கார்ட கிழிச்சுட்டேன். அப்புறம்தான் ஆயா பேச ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி ஏரியான்னு நிறவெறி அரசாங்கம் பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல, கேட்டோ மேனர்ங்கற எடத்துல இருந்த தகர வீட்ட விட்டு வெரட்டினப்போ லாரில எடம் இல்லன்னு பீரோவ விட்டுட்டு வந்தாங்களாம், அம்மிய விடலியாம். புது வீட்டு கிச்சன்ல அதுக்கு எடம் எங்க இருக்கு, வெளிய பைப்புக்குப் பக்கத்துலயே போட்டு மசாலா அரைச்சிருக்காங்க, மழை வந்தா சாக்கு போட்டு மூடிட்டு.

பேரு விஷயத்துலயும் இப்படித்தான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். இங்க தெருக்கூத்த 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்'னு சொல்வாங்க, மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தறது 'பாரிட்ஜ் பிரேயர்'. எனக்கு எரிச்சலா இருக்கும், திருத்திதான் எழுதுவேன். வேஷம் கட்டற அண்ணன் ஒருத்தர் ஒருநாள் கேட்டாரு, "ஆடறது நாங்க, பேரு மட்டும் நீ வைப்பியாம்மா?" அன்னிலேர்ந்து ரெண்டு பேரையும் எழுதறேன், அவங்க சொல்ற பேரு மேல.

ஆறேழு தடவ போனப்புறம் ஆயா அம்மிய மியூசியத்துக்குக் குடுத்தாங்க. குழவியத் தரமாட்டேன்னுட்டாங்க. பேரன் பொண்டாட்டி முழுகாம இருக்கா, தொட்டில் போடற அன்னைக்கு மொதல்ல குழவியத்தான் படுக்க வைக்கணும், அப்புறம்தான் புள்ள, அது அவங்க வீட்டு வழக்கம்.

ஆபீஸ்ல பெரியவர் ரெஜிஸ்டரப் பாத்துட்டு 'முழுமையற்றது, குழவி இல்லை'ன்னு போடும்மான்னாரு. நான் 'குழவி வீட்டில், உபயோகத்தில்'னு எழுதி நீட்டினேன். கண்ணாடிய எறக்கி ஒரு பார்வ பாத்தாரு, ஆனா கையெழுத்துப் போட்டுட்டாரு.