இங்கிலீஷ்ல எ (a), ஆன் (an): எது, எங்க வைக்கிறது?

வவல் எழுத்து (a, e, i, o, u) வந்தா ஆன், இல்லன்னா எ, இதத்தான் எல்லாரும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம், ஆனா பாக்க வேண்டியது எழுத்த இல்ல சத்தத்த. நமக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு, அடுத்த வார்த்தைய அப்படியே தமிழ்ல எழுதிப் பாருங்க. உயிரெழுத்துல ஆரம்பிச்சா ஆன், உயிர்மெய்யிலயோ மெய்யிலயோ ஆரம்பிச்சா எ. யுனிவர்சிட்டி 'யு'ல ஆரம்பிக்குது, அதனால எ யுனிவர்சிட்டி. ஹானஸ்ட்ட 'ஹா' போட்டு எழுதினா மாட்டிக்குவீங்க, வாயில வர்றது ஆனஸ்ட் தான், ஸோ ஆன் ஆனஸ்ட் மேன். ஆன் எஸ்எம்எஸ், ஆனா எ மெசேஜ். ஒன்-வே கூட ஏமாத்தும், எழுதுறது ஒன், சொல்றது வன், அதனால எ.

இன்னொன்னு, ஒட்டி வர்ற வார்த்தை தான் கணக்கு. ஆன் ஆப்பிள், நடுவுல ரெட் வந்துட்டா எ ரெட் ஆப்பிள்.

நிஜமான தலைவலி எங்க வைக்கிறதுங்கறதுல தான். தமிழ்ல 'ஒரு நல்ல ஐடியா', 'நல்ல ஒரு ஐடியா' ரெண்டும் ஓகே. இங்கிலீஷ்ல எ குட் ஐடியா மட்டும் தான். ஆனா முன்னாடி சச், வாட், ஹாஃப் வந்தா எ அதுக்குப் பின்னாடி போயிடும்: சச் எ குட் ஐடியா, வாட் எ டே, ஹாஃப் ஆன் அவர். நிறைய பேர் எ சச் குட் ஐடியான்னு தப்பா எழுதறது இது தெரியாததால தான். முன்னாடி 'ஸோ' (so) இல்லன்னா 'டூ' (too) வந்தா இன்னும் கூத்து, குட் வந்து எ-வ தாண்டி முன்னாடி உக்காந்துக்கும்: ஸோ குட் ஆன் ஐடியா, டூ பிக் எ ப்ராப்ளம். கொஞ்சம் ஃபார்மலா இருக்கும், பேசறப்ப சச் எ போதும். ப்ளூரல்ல ஸோ குட் ஐடியாஸ்னு சொல்லவே முடியாது, அங்க சச் குட் ஐடியாஸ் தான்.

அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர் மூணுக்கும் முன்னாடி எ, ஆன் ரெண்டுமே வேணாம்.