வயித்துல விழுற கோடு, முதுகுல விழுற கோடு

"மாசமா இருக்கும்போது வயித்த சொறியாதடி, கோடு விழுந்துடும்"னு பெரியவங்க சொல்லி கேக்காத பொண்ணு நம்ம ஊர்ல இருக்க முடியாது. சொறியுறதுக்கும் அந்த கோட்டுக்கும் சம்பந்தமே இல்லங்க. ஆறேழு மாசத்துக்கு மேல வயிறு வேகமா பெருசாகும், தோல் இழுபட்டு அரிக்கும், ஸ்ட்ரெச் மார்க்கும் பெரும்பாலும் அதே சமயத்துலதான் தெரிய ஆரம்பிக்கும், அதனால பழி விரல் நகத்து மேல விழுந்துடுச்சு.

மேல்தோலுக்கு கீழ டெர்மிஸ்னு ஒரு அடுக்கு இருக்கு, கொலாஜன், எலாஸ்டின்னு ரெண்டு வகை நார் பின்னிக் கிடக்குற இடம். உடம்பு திடீர்னு பெருகும்போது அந்த நார் அங்கங்க அறுந்துபோகுது. மேல்தோல் கிழியாது, ரத்தம் வராது, உள்ளுக்குள்ள மட்டும் தழும்பு. சரி, இழுபடுறது மட்டும்தான் காரணம்னா எல்லா கர்ப்பிணிக்கும் ஒரே மாதிரி வரணும்ல? வர்றதில்ல. பரம்பரைக்கு பெரிய பங்கு இருக்கு, அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வர வாய்ப்பு அதிகம், அப்புறம் ஹார்மோன்.

இது பொம்பளைங்க சமாச்சாரம்னு நினைக்கிறதும் தப்பு. எங்க அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான், ஒல்லி உடம்பு, கிடுகிடுன்னு வளந்துட்டான். ஒருநாள் குளிச்சிட்டு சட்டை இல்லாம வந்தா முதுகுல, இடுப்புக்கு கொஞ்சம் மேல, குறுக்கால ஊதா கலர்ல வரி வரியா கோடு, பிரம்பால விளாசுன மாதிரியே இருந்துச்சு. அக்கா பதறிப்போய் "ஸ்கூல்ல யார்டா அடிச்சது, சொல்லு"ன்னு அழ ஆரம்பிச்சிட்டா, அவன் முழிக்கிறான். தொட்டுப் பாத்தா வீக்கம் இல்ல, வலி இல்ல, விரலுக்கு லேசா பள்ளமா தட்டுச்சு. உயரம் சட்டுனு கூடும்போது பசங்களுக்கு இப்படி வர்றது சகஜம்னு ஸ்கின் டாக்டர் சொன்னப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்துச்சு.

எனக்கு உண்மையிலேயே கோவம் வர்றது இன்னொரு வகைல. தொடை இடுக்குல படர்தாமரை வந்தா வெக்கப்பட்டுட்டு டாக்டர்கிட்ட போகாம மெடிக்கல்ல ஒரு ட்யூப் வாங்கி தடவுறாங்க, அதுல பூஞ்சை மருந்தோட க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அரிப்பு ரெண்டு நாள்ல அடங்கும், நிறுத்துனா திரும்ப வரும், திரும்ப தடவுவாங்க, இப்படியே மாசக்கணக்கா ஓடும். கொலாஜன் தயாரிக்கிற செல்லையே ஸ்டீராய்டு அமுக்கிடும், தோல் மெலிஞ்சு அகல அகலமா கோடு விழும், அது போகாது. 2018-லயே இந்த ஸ்டீராய்டு க்ரீம்கள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு விதி மாத்திடுச்சு, ஆனாலும் பேரு சொன்னா எடுத்துக் குடுக்குற கடைங்க இருக்கு. ட்யூப்ல பொடி எழுத்துல இருக்குற மருந்து பேர படிங்க, ப்ளீஸ்.

எண்ணெய், கோகோ பட்டர் எல்லாம் வறட்சிக்கும் அரிப்புக்கும் நல்லாருக்கும், கோடு வராம தடுக்கும்னு ஆய்வுகள்ல நிரூபணமாகல. சிவப்பா, ஊதாவா இருக்குற புதுசுல டாக்டர பாத்தா ட்ரெட்டினாயின்ங்கிற க்ரீம், லேசர்னு ஓரளவு மங்க வைக்க வழி இருக்கு, வெள்ளையான பிறகு கஷ்டம். கர்ப்பமா இருக்கும்போது ட்ரெட்டினாயின் பக்கமே போகாதீங்க.

வளர்ற வயசும் இல்ல, கர்ப்பமும் இல்ல, ஆனா வயித்துல விரல் அகலத்துக்கு ஊதா கோடு, கூடவே முகம் உருண்டையாகுது, பிரஷர் ஏறுது, லேசா இடிச்சாலே கன்னிப்போகுதுன்னா அது கார்ட்டிசோல் ஹார்மோன் அதிகமா சுரக்குற குஷிங் சிண்ட்ரோமா இருக்கலாம், அதுக்கு க்ரீம் தேடாம நேரா டாக்டர்கிட்ட போய் ரத்தம், யூரின் டெஸ்ட் எடுத்துடுங்க.