ஓவட்டானா வங்கி: 1:48 மாதிரி, இதுவரை நடந்த வேலை

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஓவட்டானா. ஊர் நடுவில் பூங்காவுடன் ஒரு சதுக்கம், அதைப் பார்த்தபடி தெருமுனையில் 1908-ல் திறந்த நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க். வடிவமைத்தவர் லூயிஸ் சல்லிவன். சிகாகோவில் உயர்ந்த கட்டடங்களுக்கு இலக்கணம் வகுத்தவர் அவர். 1906-ல் கையில் வேலை அதிகம் இல்லை. வங்கியின் துணைத் தலைவர் கார்ல் பென்னட் அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அழைத்தார். உழவர்கள் பணம் போட வரும் இடத்தில் இப்படி ஒரு கட்டடம் எழுந்தது அந்த அழைப்பால்தான்.

இந்தக் கட்டடத்தின் சிறு மாதிரியைச் செய்ய உட்காரும்போது அளவுக்கு முன்னால் ஆண்டைத் தீர்மானித்துவிட வேண்டும். வெளிப்பக்கம் பெரிதாக மாறவில்லை. உள்ளே கதை வேறு. 1926-ல் வங்கி நொடித்தது. 1929-ல் வேறு வங்கிக்குக் கைமாறியது. 1940-ல் நவீனமாக்குவதாகச் சொல்லிப் பழைய காசாளர் கூண்டுகளைப் பிடுங்கினார்கள். 1950-களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் பழைய அழகை மீட்டு, அன்றைய வங்கித் தேவைக்கும் பொருத்தினார். ஆக ஒரே கூட்டுக்குள் மூன்று உட்புறங்கள். இந்த மாதிரிக்கு எடுத்துக்கொண்டது 1908. உழவர்கள் உட்கார்ந்து பேச ஓர் அறை, பெண்களுக்குத் தனி அறை என்று திட்டமிட்ட உட்புறம் அது. அவை இல்லாமல் இந்தக் கட்டடம் யாருக்காக எழுந்தது என்பதே தெரியாது. சிக்கல் ஒன்று உண்டு: அந்தக் காலப் படங்கள் கறுப்பு வெள்ளை. வடிவத்தைப் பழைய படத்திலிருந்தும் நிறத்தை இன்றைய கட்டடத்தின் வண்ணப் படங்களிலிருந்தும் எடுக்க வேண்டியிருக்கிறது.

அளவு. வங்கிக் கூடம் ஒரு பக்கம் 68 அடி. முகப்பிலுள்ள பெரிய ஜன்னல் வளைவு 36 அடி அகலம். 1:100-ல், அதாவது நிஜத்தில் நூறில் ஒரு பங்காக, தொடங்கியது வீணாயிற்று. செங்கல் வரிசை ஒன்று அந்த அளவில் 0.7 மி.மீ.தான் வரும், கீறினால் அட்டை பிய்கிறது, கீறாவிட்டால் சுவர் வெறும் பழுப்புப் பெட்டி. 1:48-ல் பக்கம் 43.2 செ.மீ., வளைவு 22.9 செ.மீ., வரிசை 1.4 மி.மீ. இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகையில் அடங்குகிறது. வளைவைக் காம்பஸால் போடாமல், முகப்புக்கு நேர் எதிரே நின்று எடுத்த படத்தைச் சரியான அளவுக்குப் பிரின்ட் எடுத்து டிரேஸ் செய்வதே பாதுகாப்பு.

சுவர். 5 மி.மீ. ஃபோம் போர்டு, மேலே 300 ஜிஎஸ்எம் அட்டை. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் இரும்பு ஸ்கேலும் வைத்து வரிசைகளைக் கீறலாம். ஊசி வேண்டாம், நாரை அறுத்துவிடும். அட்டையை ஃபெவிகாலால் ஒட்டிய முதல் சுவர் ஒரே இரவில் வில்லாக வளைந்தது. பசையிலுள்ள ஈரம் ஒரு முகத்தில் மட்டும் இறங்கி, காயும்போது அந்தப் பக்கமே இழுக்கிறது. பின்பக்கமும் அதே கனத்தில் ஒரு தாள் ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் 12 மணி நேரம் வைத்தால் நேராக நிற்கும். ரப்பர் பசை பக்கமே போகக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் நடுவிலிருக்கும் ஃபோமைத் தின்றுவிடும்.

நிறம். இந்த வேலையின் உயிர் இங்கேதான். 1908 வசந்தத்தில் சல்லிவன் இந்த வங்கிக்கான நிறங்களிலேயே மூழ்கிக் கிடந்தார். நிறங்களால் ஒரு சிம்பொனி வேண்டும் என்று பென்னட்டுக்குக் கடிதமே எழுதினார். மாதிரிகளில் நிறத்தைக் கடைசியில் பூசுவது வழக்கம். இங்கே அது எடுபடாது, ஏனென்றால் செங்கல்லே ஒரு நிறத்தில் இல்லை. கம்பளம் போலக் கலந்த சிவப்பு, பழுப்பு, ஊதா சாயல். பத்துக் கல்லில் ஐந்து காவிச் சிவப்பு, இரண்டு அடர் பழுப்பு, இரண்டு செம்மஞ்சள், ஒன்று ஊதா கலந்தது என்ற கணக்கு சரியாக வருகிறது. ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 100 கல் என்பதால் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தீட்ட முடியாது. காவிச் சிவப்பை முழுக்க அடித்துவிட்டு மற்றதைப் பூஜ்ஜியம் நம்பர் தூரிகையால் அங்கங்கே தொட்டால் போதும். ஆனால் கை தன்னையறியாமல் சாய்ந்த கோடு போட ஆரம்பிக்கும். பத்தடி தள்ளி நின்றால் அது பளிச்சென்று தெரியும். பாதியில் சுவரைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தீட்டினால் அந்தக் கோடு உடைகிறது. இடையிலுள்ள சாந்துக்கு மிக நீர்த்த சாம்பல் நிறம், பூசிய உடனே துணியால் துடைக்க வேண்டும்.

சுடுமண் அலங்காரம். பச்சை மேலோங்கிய பட்டைகளும், மேல் மூலைகளில் பெரிய பதக்கங்களும். வரைந்தவர் சல்லிவனின் உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லி. களிமண்ணில் உருவாக்கியவர் கிறிஸ்டியன் ஷ்னைடர். ஒரு மூல உருவம் செய்து, அச்செடுத்து, பிரதிகளை அழுத்தி எடுப்பது அவர்கள் முறை. சூளையில் சுடுமண் சுமார் 12-ல் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் மூலத்தைப் பெரிதாகவே செய்வார்கள். காற்றில் காயும் களிமண்ணை நம்பினால் அதே சுருக்கம் இங்கேயும் பழிவாங்கும். மெல்லிய இலைச் சுருள்கள் எல்லாம் வெடிக்கும். மூலத்துக்கு எம்-சீல் நல்லது. அதன்மேல் அச்செடுக்க ஆர்டிவி சிலிகான் (அறை வெப்பத்திலேயே இறுகும் ரப்பர்), 100 கிராமுக்கு 3 கிராம் ஹார்டனர். மொத்தமாக ஊற்றாமல் முதல் படலத்தைத் தூரிகையால் தடவ வேண்டும், இல்லாவிட்டால் சுருள்களின் இடுக்கில் காற்றுக் குமிழி தங்கும். இரு முகப்புக்கும் சேர்த்து நான்கு பதக்கம், ஒரே அச்சு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 100 கிராமுக்குத் தண்ணீர் 65 மி.லி.; அதிகமானால் ஓரங்கள் உதிரும்.

கண்ணாடி. லூயிஸ் மில்லே செய்த பச்சைச் சாயல் கண்ணாடி. கூரையிலிருந்தும் வெளிச்சம் இறங்கும். ஓஎச்பி தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) கண்ணாடி பெயின்ட், 10 மி.மீ. பின்னால் டிரேசிங் பேப்பர், அதற்கும் பின்னால் 40 மி.மீ. தள்ளி எல்ஈடி பட்டை. நெருங்கி வைத்தால் விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். 6500 கெல்வின் (நீலச் சாயல் வெள்ளை) விளக்கில் பச்சை நீலமாகச் செத்துப் போகிறது. 3000 கெல்வினில் (மஞ்சள் சாயல்) இலைவழி வரும் வெயில் போல இருக்கிறது. உட்சுவரை வெள்ளையாக விட்டுச் சோதித்தபோது கூடம் முழுதும் வெளிறியது. காவியும் பச்சையும் பூசிய பிறகுதான் வெளிச்சம் சுவரில் தங்கியது.

மீதி இருப்பது நான்கு பெரிய தொங்கு விளக்குகள். எல்ம்ஸ்லி வடிவமைத்து, சிகாகோவின் வின்ஸ்லோ பிரதர்ஸ் பட்டறையில் இரும்பில் வார்த்தவை. ஒவ்வொன்றும் இரண்டேகால் டன். 0.5 மி.மீ. செம்புக் கம்பியில் முதல் முயற்சி சன்னமாகிவிட்டது, தொங்கும்போது கனமே தெரியவில்லை. அடுத்து 0.8 மி.மீ. கம்பியில் சட்டம் கட்டி, நடுத் தண்டுக்கு எம்-சீல் சேர்த்துப் பார்க்க வேண்டும்.