பதினான்காவது வளைவில் அடித்த வரி

ஏற்காட்டில் அண்ணன் ஒருவர் வீட்டில் மாதம் ஒருமுறை கூடிக் கதை படிப்போம். இந்த முறை அம்பை. “பத்து நிமிடம் அறிமுகம் செய்துவிடு, விருதுகளை விட்டுவிடாதே” என்று அண்ணன் போனில் சொன்னார். பத்து நிமிடம்தானே என்று ஒப்புக்கொண்டேன்.

சேலத்தில் நான் போகும் நூலகத்தில் தேடியபோது பாதி அம்பைதான் கிடைத்தார். கதைகள் எழுதுகிறவர் அம்பை. பெண் எழுத்தாளர்களைப் பற்றி 1984இல் ஆங்கிலத்தில் ஆய்வு நூல் எழுதியவர் சி.எஸ். லக்ஷ்மி. இருவரும் ஒருவரே என்று பட்டியலுக்குத் தெரியவில்லை. பிறந்தது 1944, கோவை. முனைவர் பட்டம் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில். இதெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது.

விருதில்தான் சறுக்கினேன். 2021ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’க்கு என்று எழுதிவைத்திருந்தேன். எல்லோரும் சொல்லும் கதை, கை தானாக எழுதிவிட்டது. உண்மையில் அது ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ தொகுப்புக்கு. அகாதெமி விருது ஆளுக்கு அல்ல, நூலுக்கு. நூலின் பெயர் தப்பினால் எல்லாமே தப்பு. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2008க்கு வழங்கிய இயல் விருதுதான் வாழ்நாள் பணிக்கானது.

பஸ்ஸில் ஏறியபின் தொகுப்புகளின் ஆண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். ‘சிறகுகள் முறியும்’ 1976, ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988, ‘காட்டில் ஒரு மான்’ 2000. பன்னிரண்டு, பன்னிரண்டு! குறிஞ்சி பூப்பதைப்போல என்று ஒரு வரி எழுதி, நானே மெச்சிக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. ஒவ்வொரு திருப்பத்திலும் பேனா தாளின் ஓரத்துக்கு ஓடியது. பதினான்காவது வளைவில் அந்த வரியை அடித்தேன். குறிஞ்சி சும்மா காத்திருக்கும். இவரோ அந்த இடைவெளியில்தான் ஆய்வு நூலை முடித்தார். 1988இல் மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தையும் தொடங்கினார். விருதுப் பட்டியலில் இந்த உழைப்புக்கு இடமே இல்லை.

கூட்டத்தில் நான்கு நிமிடம் படித்திருப்பேன். அந்த வீட்டு அக்கா கை காட்டி நிறுத்தினார். “விருது இருக்கட்டும் தம்பி, அந்தச் சமையலறைக் கதையைப் படி.”

படித்தேன். அஜ்மீரில் பெரிய வீடு, அதில் மூலைக்கு ஒதுக்கிய சமையலறை. வழக்கமாகக் கதை பாதியில் இருக்கும்போதே அக்கா காபி போட எழுந்துவிடுவார். அன்று எழவில்லை. கதை முடிந்து வெகுநேரம் கழித்து அண்ணன்தான் உள்ளே போனார்.

“பால் பாத்திரம் எங்கே இருக்கிறது?” என்று அங்கிருந்து குரல் வந்தது. முப்பது வருடமாக அவர் குடியிருக்கும் வீடு.