வேதியியல் மாநாடு: போஸ்டருக்கு முன்னால் என்ன கேட்பார்கள்?

பல்கலைக்கழக வேதியியல் துறைகள் நடத்தும் மாநாடுகளில் அதிகம் கற்றுக்கொள்ளக் கிடைப்பது மேடையில் அல்ல, ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு ஒட்டிய போஸ்டர் பலகைகள் நிற்கும் தாழ்வாரத்தில்தான். மேடையில் 12 நிமிடம் பேச்சு, 3 நிமிடம் கேள்வி என்று வைத்திருப்பார்கள். முந்தைய பேச்சாளர் நேரத்தைத் தாண்டினால் முதலில் பறிபோவது அந்த 3 நிமிடம். போஸ்டருக்கு முன்னால் ஒருவரே கால் மணி நேரம் நின்று, ஒரே வரைபடத்தைத் துருவித் துருவிக் கேட்கலாம். பிரிட்டனின் வேதியியல் சங்கமான ஃபாரடே சொசைட்டி 1907-இல் தொடங்கிய விவாதக் கூட்டங்களில் இன்று கட்டுரைகளை முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, எழுதியவருக்கு 5 நிமிடம் மட்டும் கொடுத்து, மிச்சத்தை விவாதத்துக்கு விடுகிறார்கள். நம் ஊர் மாநாடுகளில் அந்த வேலை நடப்பது போஸ்டர் அமர்வில். அதைச் சான்றிதழுக்கான சடங்காக நினைத்து, பலகையில் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவது பெரிய இழப்பு.

அச்சு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏ0 தாள் 841 × 1189 மி.மீ. பலகை 1 மீட்டர் அகலம் என்றால் கிடைவாக்கில் அடித்த ஏ0 வெளியே துருத்தும். சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு வடிவமைக்க வேண்டும். கடைக்குப் பிடிஎஃப் மட்டுமே கொடுங்கள், அதுவும் எழுத்துருக்களை உள்ளேயே பதித்து. இல்லையென்றால் சிம்பல் எழுத்துருவில் தட்டிய கிரேக்க எழுத்து, கடைக்காரரின் மென்பொருளில் வேறு எழுத்துரு ஏறியதும் சாதாரண ஆங்கில எழுத்தாகிவிடும். மியூ போய் எம் வரும். 50 மைக்ரோலிட்டர் 50 மில்லிலிட்டராக அச்சாகும். ஆயிரம் மடங்கு பிழை, பார்ப்பதற்கோ எந்தக் குறையும் தெரியாது.

இனி கேள்விகள். நம் மாநாடுகளில் தவறாமல் தென்படும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: பொன் அல்லது வெள்ளி நானோ துகளை வினையூக்கியாக வைத்து, சோடியம் போரோஹைட்ரைடால் 4-நைட்ரோஃபீனாலை ஒடுக்கி (ரிடக்ஷன்) 4-அமினோஃபீனாலாக மாற்றுவது. எந்த அலைநீள ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலையில், போரோஹைட்ரைடு சேர்ந்ததும் 317 நானோமீட்டரில் இருந்த உச்சம் 400-க்கு நகரும். கரைசல் பளிச்சென்று மஞ்சளாகும். அது வினை அல்ல, நைட்ரோஃபீனோலேட் அயனி உருவானதன் அடையாளம் மட்டுமே. வினையூக்கி சேர்ந்த பிறகு 400 இறங்க வேண்டும், 300 அருகே 4-அமினோஃபீனாலின் உச்சம் ஏற வேண்டும். விவரம் தெரிந்தவர் முதலில் தேடுவது இந்த 300-ஐத்தான். 400 இறங்கி 300 ஏறவில்லை என்றால், பொருள் வினைபுரியாமல் துகளிலோ அதைத் தாங்கும் பொருளிலோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். நிறமாலைக் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்கின்றனவா என்றும் பார்ப்பார். அந்தப் புள்ளி கலைந்திருந்தால் இடையில் வேறொரு பொருள் உருவாகியிருக்கலாம், அல்லது வாயுக் குமிழிகள் குவெட் (கரைசலை வைத்து அளக்கும் சிறு கண்ணாடிக் கலம்) சுவரில் ஒட்டி நிறமாலையின் அடிமட்டக் கோட்டை உயர்த்தியிருக்கலாம்.

அடுத்தது செறிவு. 0.1 மில்லிமோலார் நைட்ரோஃபீனோலேட் கரைசல் 1 செ.மீ. குவெட்டில் 400 நானோமீட்டரில் ஏறத்தாழ 1.8 ஒளி உட்கவர்ச்சி காட்டும். அதைவிடக் கூட்டினால் பல கருவிகளில் செறிவுக்கும் உட்கவர்ச்சிக்குமான நேர்கோட்டு உறவு கெடும், அதிலிருந்து எடுத்த வேக மாறிலியும் கெடும். போரோஹைட்ரைடு நூறு மடங்காவது மிகுதியாக இருந்தால்தான் போலி முதல் படி, அதாவது வேகம் நைட்ரோஃபீனாலின் செறிவை மட்டுமே பொறுத்தது, என்று சொல்ல முடியும். அதை அன்றன்று கரைத்தீர்களா என்ற கேள்வியும் வரும், ஏனென்றால் தண்ணீரில் அது தானாகவே சிதைந்து ஹைட்ரஜனை விட்டுக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் வரைபடம் சற்று நேரம் அசையாமல் கிடந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுக் காட்டாதீர்கள். கரைந்துள்ள ஆக்சிஜன், துகளின் மேற்பரப்பு மாறியமைவது என்று அதற்குக் காரணங்கள் பேசப்படுகின்றன. நல்ல உரையாடல் பிறப்பதே அந்த இடத்தில்தான்.

வினையூக்கியின் மறுபயன்பாட்டைக் காட்டும் பட்டை வரைபடத்தில் ஐந்து சுற்றிலும் 98 சதவீத மாற்றம் என்று போட்டிருந்தால் அனுபவசாலிகள் மயங்க மாட்டார்கள். வினை முழுமையாக முடிந்த பிறகு அளந்தால், வினையூக்கி பாதி செத்திருந்தாலும் அதே எண்தான் வரும். 40, 50 சதவீத மாற்றத்தில் நிறுத்தி, சுற்றுக்குச் சுற்று வேகத்தை ஒப்பிட்ட வரைபடம் வைத்திருப்பவரிடம் பேச்சு நீளும். வினையூக்கியை வடிகட்டி எடுத்த பிறகு கரைசலில் வினை தொடர்கிறதா என்ற சோதனையும் கையில் இருக்கட்டும். கரைந்து வெளியேறிய உலோகமே வேலையைச் செய்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.

இவற்றின் மூலத் தரவை, மென்மையாக்காத நிறமாலைகளோடு, டேப்லெட்டில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். போஸ்டரில் எல்லாவற்றையும் திணிக்கத் தேவையில்லை. பதில் கைவசம் இல்லாத கேள்வி வந்தால், அந்த அளவீட்டை இன்னும் எடுக்கவில்லை என்று நேராகச் சொல்வது போதும். ஊகத்தை முடிவுபோலச் சொல்லும்போதுதான் எதிரில் நிற்பவர் நம்பிக்கை இழக்கிறார். கேள்வியையும் கேட்டவர் பெயரையும் அவர் சுட்டிய வரைபட எண்ணையும் அன்று மாலையே எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டால், ஒப்பீட்டுச் சோதனையைக் கேட்ட "கன்ட்ரோல் போடலையா" என்ற வரிதான் நினைவில் தங்கும், எந்தக் கன்ட்ரோல் என்பது மறந்திருக்கும்.